சீசன் நாய்

ஞாயிற்றுக்கிழமைகளில் என் வண்டிக்குப் பக்கத்தில் யாரும் நிற்க மாட்டார்கள். மரக்காணம் கறிக்கடைகளில் மிஞ்சின கோழித் தலை, கால், தோல் எல்லாம் இரண்டு நீல டிரம்மில் பின்னால் நிற்கும். கூடவே ஒரு மூட்டை குருணை. இதை ஏற்றிக்கொண்டு அனுமந்தை தாண்டி உள்ளே திரும்பி, கிளியனூருக்கு இந்தப் பக்கம் முந்திரித் தோப்புக்குள் இருக்கிற நாய்க் காப்பகத்தில் இறக்க வேண்டும். டீசலுக்கு மட்டும் வாங்கிக்கொள்வேன், வாடகை கேட்பதில்லை. இதை நாலு பேரிடம் சொல்லிக்கொள்ளாமலும் நான் இருந்ததில்லை.

அந்த நாற்றத்தைச் சட்டை பண்ணாமல் முன் சீட்டில் ஏறி உட்காருகிற ஒரே ஆள் ரேணுகா. எங்கள் தெருவுக்கு அடுத்த தெரு. அவளும் அவள் புருஷன் இருசப்பனும் உப்பளத்தில் வேலை. அவன் பாத்தியில் இறங்கிப் பலகையால் உப்பை வாரிக் கரையேற்றுவான். அவள் அதைக் கூடையில் சுமந்து அம்பாரத்தில் கொட்டுவாள். சுமந்து சுமந்து உச்சந்தலையில் ஒரு ரூபாய் அகலத்துக்கு முடி கிடையாது. குதிகால் வெடிப்பில் உப்பு ஏறி, நடக்கும்போது பாதத்தின் ஓரத்தைத்தான் தரையில் வைப்பாள். இப்படிப்பட்ட காலோடு வாரத்தில் கிடைக்கிற ஒரு நாளையும் நாய்ப் பீ அள்ளக் கொண்டுபோய்க் கொடுக்கிறாளே என்று தெருவில் சிரிப்பார்கள். அங்கே அவளுக்குச் சம்பளம் கிடையாது. மதியம் ஒரு பொட்டலம் எலுமிச்சை சாதம் கொடுப்பார்கள், அவ்வளவுதான்.

காப்பகத்தை நடத்துகிற ஜெர்லின் பாண்டிச்சேரிப் பெண். முப்பது முப்பத்தொரு வயதிருக்கும். வருகிறவர்களிடம் எல்லாம் ரேணுகாவைக் காட்டி, "இந்த அக்கா மாதிரி பத்து பேர் இருந்தா போதும், இங்க ஒரு குழந்தையும் கஷ்டப்படாது" என்பாள். நாயைக் குழந்தை என்றுதான் சொல்வாள். ரேணுகா அப்போதெல்லாம் சட்டென்று குனிந்து எதையாவது தேய்க்க ஆரம்பித்துவிடுவாள். அடக்கம் என்று எல்லாரும் நினைத்தார்கள். அடக்கம் இல்லை. அது எனக்குத் தெரியும். ஏனென்றால் அவள் ஏன் அங்கே வருகிறாள் என்று தெரிந்த ஒரே வெளியாள் நான்.

அங்கே நாற்பது நாய் இருக்கும். குட்டிகளைக் கேட்டு ஆள் வருவார்கள். வெள்ளையும் சொள்ளையுமாக முடி வைத்த சாதி நாயைக் கேட்டு வருவார்கள். மூன்று வயது தாண்டின நாட்டு நாயை யாரும் கேட்பதில்லை. அவை முன் கூண்டுகளில் வருடக்கணக்காக உட்கார்ந்து, கேட் திறக்கிற சத்தத்துக்கு எல்லாம் எழுந்து நின்று பார்த்துவிட்டுத் திரும்பப் படுத்துக்கொள்ளும். அதில் ஒன்று டோலி. செம்பட்டை நிறம், வலது காது மடங்கியிருக்கும், கழுத்தைச் சுற்றி முடி முளைக்காத ஒரு வளையம். அந்த வளையத்தைப் பற்றித்தான் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்து உப்பளங்களில் தை மாதம் வேலை தொடங்கும்போது, ஒரு செட்டாகச் சேர்ந்து உழைக்கிற கூட்டாளிகள் தெருவிலிருந்து ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு போவார்கள். பாத்திக்குத் தண்ணீர் இறைக்கிற எஞ்சின் கொட்டகையில் அது வளரும். டீசல் திருட வருகிறவனைப் பார்த்துக் குரைக்கும். சோற்றில் மீன்குழம்பு ஊற்றிப் போடுவார்கள், நன்றாகத்தான் வைத்துக்கொள்வார்கள். சீசன் நாய் என்று பெயர். ஐப்பசியில் மழை பிடித்ததும் அம்பாரத்தைக் கீற்றுப் போட்டு மூடி, எஞ்சினைக் கழற்றி வண்டியில் ஏற்றி எல்லாரும் ஊருக்குத் திரும்பிவிடுவார்கள். நாய் மட்டும் அங்கேயே இருக்கும். பின்னாலேயே ஊருக்குள் வந்தால் தெரு நாய்கள் குதறிவிடும் என்பது சாக்கு. அதனால் கிளம்பும்போது கொட்டகைக் காலில் அதைக் கட்டிவிட்டு வருவார்கள். தேங்காய் நார்க் கயிற்றில்தான் கட்டுவார்கள். ரெண்டு மணி நேரத்தில் கடித்து அறுத்துக்கொள்ளும், அதற்குள் நாம் வீடு போய்ச் சேர்ந்திருப்போம். அப்புறம் அது பாடு. பெரும்பாலும் அடுத்த தைக்கு அது இருக்காது. வேறு குட்டி தூக்கிக்கொள்வார்கள். இதில் தப்பு என்று யாருக்கும் தோன்றினதில்லை. எனக்கும்தான்.

நாலு வருடத்துக்கு முன்னால், தாழ்வு மண்டலம் என்று அறிவித்த அன்று, இருசப்பன் செட்டின் எஞ்சினை ஏற்றிவர என் வண்டிதான் போயிற்று. வானம் கறுத்துத் தூறல் போட ஆரம்பித்துவிட்டது. ஆம்பிளைகள் எஞ்சினைத் தள்ளி ஏற்றிக்கொண்டிருந்தார்கள். "யாராவது அந்த நாயக் கட்டுங்கடி" என்று ஒருவன் கத்தினான். நார்க் கயிறு எல்லாம் கீற்று கட்டவே தீர்ந்துபோயிருந்தது. ரேணுகா என்னிடம் ஓடிவந்து, "வேலு அண்ணா, கயிறு எதனா இருக்குதா?" என்றாள். தார்ப்பாய் கட்டுகிற நைலான் கயிற்றில் இரண்டு முழம் அறுத்து அவளிடம் வீசினேன். பச்சைக் கயிறு, அனுமந்தையில் வலைக்காரர்களிடம் வாங்கினது.

வீடு வந்து சேர்ந்து உலை வைக்கும்போதுதான் அவளுக்கு உறைத்திருக்கிறது. நைலானை நாயால் கடித்து அறுக்க முடியாது. புருஷனிடம் சொன்னாள். "உருவிக்கினு வந்துடும், போடி" என்றான் அவன். அன்று இரவு பிடித்த மழை நாலு நாள் விடவில்லை. கழுவெளி ஏரித் தண்ணீர் ஏறி உப்பளம் முழுக்க ஒரே வெள்ளம். என்னிடமும் வந்து கேட்டாள். "இந்த மழைல எங்கம்மா வண்டி போவும்" என்றேன். போகாதுதான். ஆனால் முதல் நாள் காலையில் போயிருக்கலாம். போயிருந்தால் வண்டியின் சைலன்சருக்குள் தண்ணீர் போகும் என்று யோசித்தேன். அதுதான் நிஜம்.

அஞ்சாம் நாள் போனபோது கொட்டகைக் காலில் கயிற்றின் ஒரு முனை மட்டும் இருந்தது, கத்தியால் அறுத்த முனை. இறால் பிடிக்க வந்த அனுமந்தைக்காரர் ஒருவர், வயிறு வரை தண்ணீரில் பின்னங்கால் ஊன்றி நின்றிருந்த நாயை அறுத்துவிட்டுத் தார் ரோட்டில் இறக்கிவிட்டார் என்று அப்புறம் டீக்கடையில் கேள்விப்பட்டோம். ரோட்டோரத்தில் கிடந்ததைக் காப்பகத்தார் எடுத்துப் போனது அப்போது எங்களுக்குத் தெரியாது. ரேணுகாவின் மகள் நிவேதாவுக்கு அப்போது பதினைந்து வயது. லீவு நாளில் உப்பளத்துக்குப் போனால் அந்த நாயோடுதான் கிடப்பாள். "அனுமந்தைக்காரங்க ஆசப்பட்டு கூட்டிக்கினு போயிட்டாங்க" என்று அவளிடம் சொல்லிவைத்தார்கள்.

இரண்டு வருடம் முன்னால் ஒரு மழை மாதத்தில், வேலை இல்லாமல் வீட்டில் இருந்த ரேணுகாவை மூட்டை இறக்க ஒத்தாசைக்குக் காப்பகத்துக்கு அழைத்துப் போனேன். அவள் வண்டியை விட்டு இறங்கினதும் முன் கூண்டில் ஒரு ஊளை. ஊளை இல்லை, அழுகை. ஒரு செம்பட்டை நாய் கம்பியில் முட்டி, நின்ற இடத்திலேயே மூத்திரம் விட்டு, உடம்பையே வளைத்து வாலாட்டியது. ஜெர்லின் ஓடிவந்தாள். "அக்கா, இது யார் கிட்டயும் வராத புள்ள! உங்க கிட்ட ஏதோ இருக்குதுக்கா!" என்றாள். அவள் கண்ணில் தண்ணீர். ரேணுகா என்னைப் பார்த்தாள். நான் டிரம்மை இறக்கினேன். அந்த ஒரு நிமிஷத்தில் யாராவது ஒருவர் வாயைத் திறந்திருந்தால் இந்தக் கதை அங்கேயே முடிந்திருக்கும். திறக்கவில்லை. அன்றிலிருந்து அவள் ஒரு ஞாயிற்றுக்கிழமையும் விட்டதில்லை. வேலை நடக்கிற மாதங்களில் விடியற்காலை மூன்று மணிக்கு அளத்தில் இறங்கி, ஞாயிற்றுக்கிழமை அரை நாள் வேலையை முடித்து, எட்டு மணிக்கு உப்புக் காலோடு வந்து வண்டியில் ஏறுவாள். நிவேதா நானும் வருகிறேன் என்று எத்தனையோ முறை கேட்டும் கூட்டி வந்ததில்லை.

போன மார்கழியில் ஒரு ஞாயிறு. முன் தினம் வரைக்கும் மழை, அன்று வெறும் மூட்டம். காப்பகத்து அண்டாவில் குருணையும் கோழித் தலையும் மஞ்சள் பொடியும் கொதித்துக்கொண்டிருந்தன. ரேணுகா தட்டுகளைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள். டோலி அவள் முதுகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தது. அப்போது ஒரு கார் வந்தது.

கோட்டக்குப்பம் பக்கத்தில் வீடு கட்டிக் குடியிருக்கிற மேத்யூ, ரிட்டயரான ஹெட்மாஸ்டர். கூட அவர் மனைவி ஜோசப்பின். தங்கமான மனுஷர்கள், பார்த்தாலே தெரிந்தது. பிள்ளைகள் வெளிநாட்டில். ஜெர்லின் போனில் போட்டிருந்த போட்டோவைப் பார்த்து, டோலியையே கேட்டு வந்திருந்தார்கள். காப்பகத்தில் இருந்த எல்லாருக்கும் கல்யாணக் களை வந்துவிட்டது.

"சார், ஒண்ணு முன்னாடியே சொல்லிடறேன்" என்றாள் ஜெர்லின். "ரெண்டு வீட்டுக்குப் போயி திரும்பி வந்த புள்ள இது. மூணாவது தடவயும் வந்துச்சுன்னா அப்புறம் வெளிய குடுக்க மாட்டோம். எங்க டிரஸ்ட்டு ரூல் அது. பின்னாடி ஷெட்டுக்குப் போயிடும்."

பின்னாடி ஷெட்டை நான் பார்த்திருக்கிறேன். சோறு வைப்பார்கள், கழுவுவார்கள். அதற்குமேல் அங்கே யாரும் போவதில்லை. அங்கிருக்கும் நாய்கள் கேட் சத்தத்துக்கு எழுந்திருப்பதும் இல்லை.

"எதுக்கு திரும்பி வந்துச்சு?" என்றார் மேத்யூ.

"மழைன்னா பயம் சார். இடி இடிச்சா கத்துது. மொத வீட்ல ஒரு பல்லு ஒடையற அளவுக்கு செயினக் கடிச்சிருக்குது. மத்தபடி சொக்கத் தங்கம்."

"இடின்னா எந்த நாய்க்குத்தான் ஆவும்?" என்று ஜோசப்பின் சிரித்தார். "நாங்க பகல்ல அவுத்துதாம்மா வுடுவோம். ராத்திரிக்கு மட்டும் கேட்டாண்ட கட்டுவோம். பக்கத்து வீட்ல பைக்க தூக்கிக்கினு போயிட்டானுங்க, அதான். மேல ஷீட்டு போட்டிருக்குது, நனையாது. பெல்ட்டு, செயினு எல்லாம் வாங்கியாச்சு."

ரேணுகாவின் கை தட்டின் மேல் நின்றுவிட்டது. அவள் மெதுவாகத் தலையைத் தூக்கி என்னைப் பார்த்தாள். அவள் என்ன யோசிக்கிறாள் என்று எனக்குப் புரிந்தது. வேண்டாம் என்று கண்ணைக் காட்டினேன். இதை மறைக்க நான் விரும்பவில்லை. காட்டினேன். நாய் போகட்டும், ஒருவேளை இந்த முறை சரியாகப் போகலாம், இத்தனை பேர் முன்னால் எதற்குக் கிளறுவது.

ஜெர்லின் படிவத்தை எடுத்து வந்தாள். மேத்யூ பேனாவைத் திறந்தார்.

"சார், கட்டாதீங்க சார்" என்றாள் ரேணுகா.

"இன்னாம்மா?"

"அத்த கட்டாதீங்க சார். அதுக்கு இடி பயமில்ல. கட்டிப்போட்டு இருக்கசொல்ல காலாண்ட தண்ணி வந்தா... அதுக்குத்தான் அது கத்துது. ஷீட்டு போட்டாலும் கீழ தண்ணி ஓடும் இல்ல சார்."

"அக்கா, உங்களுக்கு எப்டி தெரியும்?" என்றாள் ஜெர்லின். இன்னும் சிரித்த முகமாகத்தான் கேட்டாள். ரேணுகாவுக்கு நாயின் மனசு தெரியும் என்று அவள் ஏற்கெனவே முடிவு பண்ணியிருந்தாளே.

"நான்தாம்மா கட்டுனேன்."

ரேணுகா எழுந்து நின்று, ஈரக் கையைப் புடவையில் துடைத்துத் துடைத்துச் சொன்னாள்.

"எங்க செட்டு நாயிம்மா இது. சீசன் முடிஞ்சி வரசொல்ல கொட்டாய்க் கால்ல கட்டிட்டு வந்துட்டேன். நாருக் கயித்துல கட்டுனா கடிச்சிக்கினு போயிடும், எல்லாரும் அப்டிதான் செய்யுறது. அன்னிக்கு நாரு இல்ல. நைலான்ல கட்டிட்டேன். வெள்ளம் வந்துடுச்சி. நாலு நாளு அங்கியே நின்னுக்கினு இருந்துருக்குது. அந்தக் கழுத்துல இருக்குறது நான் போட்ட முடிச்சிம்மா."

"உப்பளத்துல ஏதுக்கா நைலான் கயிறு?" என்றாள் ஜெர்லின்.

"கெடந்துச்சிம்மா" என்றாள் ரேணுகா. என் பக்கம் திரும்பவில்லை.

நான் அண்டாவுக்கு அடியில் ஒரு முந்திரிக் கட்டையைத் தள்ளினேன். தள்ள வேண்டிய தேவையே இருக்கவில்லை, நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

மேத்யூ பேனாவை மூடினார். "சொன்னதுக்கு ரொம்ப தேங்ஸ்மா. எங்களுக்கு கட்டாம ஆவாது. கேட்டு ரோட்ட ஒட்டி இருக்குது, ஏறி குதிச்சிடும்" என்றார். ஜோசப்பின் ரேணுகாவின் முகத்தைப் பார்க்காமல் நகர்ந்து போய்க் குட்டிக் கூண்டைப் பார்த்தார். அரை மணி நேரத்தில் ஒரு கறுப்புக் குட்டியை மடியில் வைத்துக்கொண்டு கார் போய்விட்டது. டோலி தன் வாலை இரண்டு முறை தரையில் தட்டிவிட்டு ரேணுகாவின் காலடியில் படுத்துக்கொண்டது.

ஜெர்லின் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். கத்தியிருந்தால் தேவலை. குழாயடியில் போய் ரொம்ப நேரம் கை கழுவினாள். திரும்பி வந்து, "இத்தன நாள் உங்கள எல்லார் கிட்டயும் என்னான்னு சொல்லிக்கினு இருந்தேன் நானு" என்றாள். அப்புறம் டோலியைப் பார்த்தாள். "பரவால்லக்கா. ஒண்ணு செய்யலாம். நீங்களே கூட்டிக்கினு போங்க. அதுக்கு உங்களத்தான் புடிக்குது. கட்டாம வெச்சிக்குவீங்கன்னா நான் இன்னிக்கே தரேன்."

இரண்டு வருடமாக வண்டியில் வரும்போது ரேணுகா எத்தனை முறை சொல்லியிருப்பாள், "கட்டுனது நானா இல்லாம இருந்தா கேட்டு வாங்கிக்குவேண்ணா. எந்த மொகத்த வெச்சிக்கினு கேக்கறது" என்று. இப்போது கேட்காமலே கொடுக்கிறார்கள்.

"வூட்ல கலந்துக்கினு சொல்றேம்மா" என்றாள் ரேணுகா.

மதியம் அவளை வீட்டில் இறக்கும்போது மறுபடி மழை. "சாப்டுட்டுப் போண்ணா" என்றாள். நான் உள்ளே போனேன். தனியாக உள்ளே போக அவளுக்குப் பயம் என்று தெரிந்தது. ஒரே அறை, ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் இறங்கினால் தெரு. இருசப்பன் சுவரோரம் சாய்ந்து, கால் வெடிப்பில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தான். நிவேதா திண்டிவனத்தில் பி.காம் படிக்கிறாள். கட்டிலில் புத்தகம் விரித்திருந்தாள். நெத்திலிக் கருவாடும் கத்திரிக்காயும் போட்ட குழம்பு வாசனை அறை முழுக்க. ரேணுகா தட்டு வைத்துப் பரிமாறினாள். பரிமாறிக்கொண்டே எல்லாவற்றையும் மகளிடம் சொல்லிவிட்டாள், கயிறு, வெள்ளம், காப்பகம், எல்லாம்.

நிவேதா சோற்றைப் பிசைந்த கையோடு கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அனுமந்தைக்காரங்க கூட்டிக்கினு போயிட்டாங்கன்னு சொன்னியே."

"நீ அழுவுறன்னு சொன்னேன்டி."

"அங்கதான் இருக்குதா அது? ரெண்டு வருஷமா நீ வாரா வாரம் பாக்குற, என்ன வராதன்னு சொன்ன?"

"வந்தா கண்டுபுடிச்சிடுவ."

"அங்க எல்லாரும் உன்ன அக்கா அக்கான்னு கொண்டாடறாங்கன்னு வேலு மாமா சொல்லும். அதுக்காவதான் போறியா நீ?"

இருசப்பன் குறுக்கே வந்தான். "ஏய், இன்னா பேச்சு பேசற? அவ இன்னா வேணும்னா செஞ்சா? எல்லாரும் செய்யுறதுதான். ஏம்பா வேலு, நீ சொல்லு. வருஷா வருஷம் எத்தினி நாய கட்டிட்டு வர்றோம்?"

"அது சரி" என்றேன். வேறு என்ன சொல்வது. குழம்பு ருசியாக இருந்தது, அது வேறு.

"சரிப்பா, கூட்டிக்கினு வாங்க இங்க" என்றாள் நிவேதா. "குடுக்கறேன்னு சொல்றாங்க இல்ல?"

"எங்க வெக்கறது?" என்றான் இருசப்பன். கோபமாகச் சொல்லவில்லை, களைத்துப்போய்ச் சொன்னான். "தை பொறந்தா நானும் உங்கம்மாவும் ரெண்டரைக்கு கெளம்பிடுவோம். நீ ஏழு மணிக்கு பஸ் ஏறுனா சாயங்காலம் ஆறுக்கு வர்ற. வேலு வூடு மாதிரி சுத்தி மதிலா வெச்சிருக்குது நமக்கு? தெருவுல வுட்டா பக்கத்து வூட்டு சின்னப்பாப்பா கோழிய புடிச்சிடும். போன வருஷம் அந்த மொட்ட வால் நாய் புடிச்சதுக்கு அவ சோத்துல மருந்து வெச்சா, மறந்துட்டியா? அப்ப இன்னா செய்யணும்? கட்டணும். மழ வந்தா இந்த வாசல்ல கணுக்கால் தண்ணி. தோ பாரு, இப்பவே."

எல்லாரும் வாசலைப் பார்த்தோம். தெருத் தண்ணீர் படியைத் தொட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"அளத்துக்கு கூட்டிக்கினு போலாம்" என்றாள் நிவேதா.

"அந்தக் கொட்டாய்க்கா?" என்றாள் ரேணுகா. "அங்கியா திரும்ப?"

நிவேதா தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள். குழம்புச் சோறு பாதி அப்படியே இருந்தது. தட்டைக் கழுவாமல் வைத்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். ரேணுகா அந்தச் சோற்றைத் தானே தின்றாள். வீணாக்குகிற வீடு இல்லை அது. தின்றுகொண்டே சொன்னாள், "சொல்லாம இருந்தது ஒண்ணுதான் தடுக்குதுன்னு நெனச்சேண்ணா. சொல்லிட்டா கூட்டியாந்துடலாம்னு இருந்தேன். சொல்லியும் முடியல. அப்ப நான் எப்பவுமே கூட்டியாந்துருக்க மாட்டேன் இல்ல?"

அந்த வாரம் முழுக்க நிவேதா அம்மாவிடம் பேசவில்லை என்று இருசப்பன் டீக்கடையில் சொன்னான். டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு போகிறாள், கழுவி வைக்கிறாள், வாய் திறப்பதில்லை. "நாய்க்குப் பொறந்த கோவம்" என்று சிரிக்கப் பார்த்தான். அவனுக்கே சிரிப்பு வரவில்லை.

அடுத்த ஞாயிறு ரேணுகா வரமாட்டாள் என்று நினைத்து நேராக வண்டியை விட்டேன். தெருமுனையில் நின்று கை காட்டினாள். அனுமந்தைத் திருப்பத்தில், "இன்னிக்கு சொல்லிடணும்" என்றாள்.

காப்பகத்துக்குள் கால் வைத்ததும் டோலி ஓடிவந்து அவள் இடுப்பில் முன்னங்காலை வைத்து முகத்தை நக்கியது. போன வாரம் என்ன நடந்தது என்று அதற்கு ஒரு இழவும் தெரியாது. நாலு வருடத்துக்கு முன்னால் நடந்தது கூட, கட்டினது யார் என்று அதற்குத் தெரியவில்லையா, தெரிந்தும் இப்படியா, அந்தக் கடவுளுக்குத்தான் வெளிச்சம். ரேணுகா அதன் தலையை அணைத்துக்கொண்டே சொன்னாள்.

"ஆவாதும்மா. வூட்ல பேசிட்டோம். நாங்க போனா உச்சி வெயிலுக்கு மேலதான் வர்றோம். மதிலு கெடையாது. கட்டாம வெக்க முடியாது. கட்ட என்னால ஆவாது."

ஜெர்லின் தலையை ஆட்டினாள். திட்டவில்லை. "நீங்க சொன்னத எல்லாம் அதும் ஃபைல்ல எழுதிட்டேன்கா. இனிமே போட்டோ போடும்போது தெளிவா போட்டுடுவேன். கட்டக் கூடாது. நல்லா ஒசரமா மதிலு இருக்கணும். பகல்ல வீட்ல ஆள் இருக்கணும்னு." ஒரு பெருமூச்சு விட்டாள். "இத்தன கண்டிஷனுக்கு யாரு வருவாங்க? அதான் தெரியல."

நான் குருணை மூட்டையைத் தோளிலிருந்து இறக்கினேன். ஜெர்லின் சும்மாதான் திரும்பிப் பார்த்தாள். அவள் மனதில் ஒன்றும் இல்லை, இப்போது நினைத்தாலும் அதுதான் சுடுகிறது.

"அண்ணா, உங்க வீட்ல சுத்தி காம்பவுண்டு இருக்குதுல்ல? கிரகப்பிரவேசத்துக்கு வந்தேனே. ஒரு ஆள் ஒசரம் இருக்கும். உங்க வீட்டு அக்காவும் பகல் முழுக்க வீட்லதான இருக்காங்க?"

இரண்டு வருடமாக வாரா வாரம் வருகிறேன். ஒரு நாள் கூட எனக்கு இது தோன்றவில்லை. என் வீட்டில் நானும் என் மனைவியும் மட்டும்தான், பையன் பெங்களூரில். வண்டி நிறுத்த என்று ஆறடி மதில் எழுப்பி இரும்புக் கேட் போட்டிருக்கிறேன். உள்ளே ஒரு கொய்யா மரம், மேடான தரை, எந்த மழைக்கும் தண்ணீர் நின்றதில்லை. ஜெர்லின் சொன்ன ஒவ்வொன்றும் என் வீட்டில் இருந்தது. அப்போது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது வாசலில் போட்டிருக்கும் புது டைல்ஸ். நகத்தில் பிராண்டிவிடுமே என்று.

ரேணுகா என்னைப் பார்த்தாள். அந்தக் கயிறு யாருடையது என்று தெரிந்த கண். ஒரு வார்த்தை போதும் அவளுக்கு. அவள் ஊரெல்லாம் கேட்கச் சொல்லியிருந்தாலும் நான் குற்றம் சொல்லியிருக்க முடியாது. நாயும் அவளோடு சேர்ந்து என்னைப் பார்த்தது. நான் இறக்கின மூட்டையின் வாயை மறுபடி இறுக்கிக் கட்டினேன். கடைசியில் ரேணுகாதான் பேசினாள். விளக்கமாற்றைக் கையில் எடுத்துக்கொண்டு, ஜெர்லினைப் பார்த்து, ரொம்பச் சாதாரணமாகச் சொன்னாள்.

"அவுரு வூட்டம்மாவுக்கு வீசிங்கும்மா. நாய் முடி ஆவாது."

என் மனைவிக்கு வீசிங் கிடையாது. ஒரு தும்மல் கூட வராது. அது ரேணுகாவுக்கும் தெரியும்.

"ஆமாம்மா" என்றேன். "வீசிங்கு."